கத்தி பட்டால் புற்றுநோய் பரவுமா?

அறுவை அறையிலேயே புற்றுத் திசுவை அடையாளம் காணும் மூலக்கூறு ஆய்வு

“கத்தி வெச்சா பரவிடும், அறுக்க வேணாம்.” மேரு சந்தையிலும், காப்பார் கோயில் வாசலிலும், கிள்ளான் மருத்துவமனையில் காத்திருப்போர் நாற்காலிகளிலும் இந்த வார்த்தை இன்றும் காதில் விழுகிறது. மார்பில் கட்டி இருப்பதாகத் தெரிந்த பெண்ணுக்கும், நாக்கோரத்தில் ஆறாத புண்ணோடு இருக்கும் முதியவருக்கும் உறவினர் சொல்லும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான். சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அக்கறையோடுதான் சொல்கிறார்.

இந்த அச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் குடும்பங்கள் கண்ணால் பார்த்த அனுபவம் இருக்கிறது. பெரியம்மாவுக்கு அறுவை நடந்தது. சில காலம் நன்றாக இருந்தார். பிறகு அதே இடத்தில் மீண்டும் கட்டி வந்தது. உடனே, கத்தி பட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் நடந்திருக்கக் கூடியது வேறு. மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே நோய் இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ வேறு உறுப்புக்குப் போயிருக்கலாம். அல்லது அறுத்த இடத்தின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில், சில புற்று உயிரணுக்கள் தங்கியிருக்கலாம். முறையாகத் திட்டமிட்டுச் செய்யப்படும் புற்றுநோய் அறுவையில் நோயைப் பரப்புவது கத்தியன்று. விட்டுப்போன உயிரணுக்களே மீண்டும் வளர்கின்றன.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. அறுக்கலாமா, வேண்டாமா என்பதைவிட, “எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டதா?” என்பதே முக்கியமான கேள்வி. மருத்துவ உலகம் இக்கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் அந்தத் தேடல் ஒரு புதிய திருப்பத்தைக் கண்டிருக்கிறது. நோயாளி மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே, கத்தியின் முனையில் இருப்பது புற்றா, நல்ல சதையா என்பதைச் சில விநாடிகளில் சொல்லும் கருவிகள் ஆய்வுக்கு வந்துள்ளன.

லாலாங் புல்லும் கட்டியும்

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு லாலாங் புல்லைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. மேலே வெட்டினால் போதாது. மண்ணுக்கடியில் வேர்த்தண்டு எங்கெங்கோ ஓடியிருக்கும். அது எங்கே முடிகிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. சிறு துண்டு விட்டுப்போனாலும் அடுத்த மழைக்குத் தலைகாட்டும்.

புற்றுக்கட்டியும் ஏறக்குறைய அப்படித்தான். நடுவே கெட்டியான கட்டி கைக்குத் தட்டுப்படும். ஆனால் அதன் ஓரங்களிலிருந்து உயிரணுக்கள் நல்ல சதைக்குள் மெல்லிய இழைகளாக நுழைந்திருக்கும். அறுவை மருத்துவர் தம் கண்ணையும் விரல் நுனியையும், முன்கூட்டி எடுத்த ஸ்கேன் படங்களையும் நம்பித்தான் எல்லை வகுக்கிறார். அனுபவம் மிக்க கைக்குக்கூட சில நூறு உயிரணுக்கள் கொண்ட இழை தட்டுப்படாது.

அப்படியானால் தாராளமாக அறுத்து எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சங்கடம். நாக்கில் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேச்சையும் விழுங்குவதையும் பாதிக்கும். மூளையில் கூடுதலாக எடுத்தால் கை, கால் அசைவோ நினைவோ போகலாம். மார்பகத்தில் கட்டியை மட்டும் எடுத்து உறுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்பது பெண்ணின் விருப்பமாக இருக்கும். குறைத்து எடுத்தால் நோய் மிஞ்சும்; கூட்டி எடுத்தால் உறுப்பு போகும். இந்த இரண்டுக்கும் நடுவே மருத்துவர் எங்கே நிறுத்துவது?

மை பூசிய கட்டி சொல்லும் செய்தி

எடுத்த கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையும் ஒரு பட்டையாகச் சேர்ந்தே வெளியே வரும். இந்தப் பட்டையின் ஓரத்தைத்தான் மருத்துவ அறிக்கையில் ‘மார்ஜின்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘விளிம்பு’ எனலாம். ஆய்வுக்கூடத்தில் அந்தத் துண்டின் வெளிப்புறம் முழுவதும் மை பூசப்படும். பிறகு அதை மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நோய்க்கூறு நிபுணர் நுண்ணோக்கியில் பார்ப்பார். புற்று உயிரணு அந்த மையைத் தொட்டுக்கொண்டு இருந்தால், அறுத்த கோடு நோயின் ஊடாகவே போயிருக்கிறது என்று பொருள். உடலுக்குள்ளும் நோய் மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. மார்பகத்தில் பரவும் தன்மையுள்ள புற்றுக்கு, மையில் புற்று படாதிருந்தால் போதும் என்று 2014-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் வழிகாட்டி வகுத்தன. வாய்ப்புற்றில் கட்டிக்கும் விளிம்புக்கும் இடையே 5 மில்லிமீட்டராவது இருந்தால்தான் தெளிவான விளிம்பாகப் பொதுவாகக் கொள்கிறார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை தேவை. அறிக்கையில் ‘மார்ஜின் பாசிட்டிவ்’ என்று இருந்தால், பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. விளிம்பில் புற்று இருக்கிறது என்பதே அதன் பொருள். ‘நெகட்டிவ்’ அல்லது ‘கிளியர்’ என்று இருந்தால்தான் நல்ல செய்தி.

இந்த மெழுகு முறை இன்றும் உலகெங்கும் இறுதித் தீர்ப்பாக மதிக்கப்படுகிறது. ஆனால் முடிவு வரச் சில நாட்களோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் நோயாளி தையல் போட்டு வீடு திரும்பியிருப்பார். விளிம்பு சரியில்லை என்று தெரிந்தால் மறுபடியும் அழைப்பு, மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் கத்தி. இங்கிலாந்தில் மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை செய்துகொண்ட 55,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஐவரில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டது தெரியவந்தது. வசதிகள் நிறைந்த நாட்டிலேயே இதுதான் நிலை. இரண்டாவது முறை வரச் சொல்லும்போது, “அப்பவே சொன்னேன்ல, பரவிடுச்சு பாரு” என்று வீட்டில் பேச்சு எழுவதும், சிலர் பயந்து சிகிச்சையையே விட்டுவிடுவதும் இந்த இடத்தில்தான்.

ஜன்னலுக்கு வெளியே உறைந்த திசு

அறுவை முடிவதற்குள் விடை வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. 1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ மருத்துவமனையில், நோய்க்கூறு நிபுணர் லூயி வில்சன் ஒரு வழி கண்டார். அங்கே குளிர்காலத்தில் வெளியே வைத்த எதுவும் உறைந்துவிடும். அவர் திசுத் துண்டுகளை ஜன்னலுக்கு வெளியே குளிரில் உறையவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, நீலச் சாயமேற்றிப் பார்த்தார். மெழுகுக்காகக் காத்திருக்காமல் நிமிடங்களில் விடை கிடைத்தது. ‘ஃபுரோசன் செக்ஷன்’ எனப்படும் உறைதிசு ஆய்வு பரவலாக நடைமுறைக்கு வர இதுவே வழிவகுத்தது.

இன்றும் பல பெரிய மருத்துவமனைகளில் இம்முறை கைகொடுக்கிறது. இப்போது குளிரூட்டும் கருவி அந்த ஜன்னலின் வேலையைச் செய்கிறது. ஆனால் குறைகளும் உண்டு. ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகலாம். அதுவரை நோயாளி மயக்கத்தில் காத்திருக்க வேண்டும். நோய்க்கூறு நிபுணர் ஒருவர் அந்நேரத்தில் தயாராக இருக்க வேண்டும். மார்பகம் போன்ற கொழுப்பு மிகுந்த திசு ஒழுங்காக உறையாததால் சீவல் சிதைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, விளிம்பு முழுவதையும் இப்படிப் பார்க்க முடியாது. சந்தேகப்பட்ட சில இடங்களை மட்டுமே பார்க்க முடியும்.

உருவத்தைப் பார்ப்பதிலிருந்து எடையைப் பார்ப்பதற்கு

மெழுகு முறையும் உறைதிசு முறையும் உயிரணுவின் உருவத்தைப் பார்க்கின்றன. புதிய முறைகள் அந்த உயிரணு எந்தெந்த வேதிப்பொருள்களால் ஆனது என்பதைப் பார்க்கின்றன.

ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றிக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன மெல்லிய உறை இருக்கிறது. புற்று உயிரணு ஓயாமல் பெருகுவது. பெருகுவதற்குப் புதிய உறை வேண்டும்; அதற்குக் கொழுப்பு வேண்டும். ஆகவே அது கொழுப்பைத் தயாரிக்கும் விதமும், அதில் எந்த வகை எவ்வளவு என்ற கலவையும் நல்ல உயிரணுவிலிருந்து மாறுபடுகின்றன. ஒரே கடையில் வாங்கிய மசாலாவானாலும் ஒவ்வொரு வீட்டுக் குழம்புக்கும் ஒரு கைப்பக்குவம் இருப்பதுபோல, ஒவ்வொரு திசுவுக்கும் ஒரு மூலக்கூறுக் கலவை உண்டு.

இந்தக் கலவையைப் படிக்கும் கருவிக்கு ‘மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்’ என்று பெயர். மூலக்கூறுகளை எடை போடும் தராசு என்று அதைச் சொல்லலாம். முதலில் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்துக் கருவிக்குள் ஓடவிட வேண்டும். மின்புலமோ காந்தப்புலமோ அவற்றின் பாதையைத் திருப்பும். கூட்டரசு நெடுஞ்சாலையின் வளைவில் மோட்டார் சைக்கிள் எளிதாகத் திரும்பிவிடும். பாரம் ஏற்றிய லோரி அப்படித் திரும்பாது. அதுபோல இலேசான மூலக்கூறும் கனமான மூலக்கூறும் வெவ்வேறு விதமாக நகர்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து எடையைக் கணக்கிட்டுக் கணினி ஒரு வரைபடம் தருகிறது. அந்த வரைபடம்தான் திசுவின் கைரேகை.

இந்தத் தராசு நூறாண்டு பழையது. ஆனால் நீண்ட காலம் ஆய்வுக்கூடத்தை விட்டு அது வெளியே வரவில்லை. திசுவைப் பலவாறு பக்குவப்படுத்தியே அதற்குள் செலுத்த முடிந்தது. 2004-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸ் என்பவரின் குழு இந்தத் தடையை உடைத்தது. மின்னூட்டம் பெற்ற நுண்ணிய நீர்த்துளிகளைத் திறந்த வெளியிலேயே ஒரு பரப்பின்மீது தூவினால், அவை அப்பரப்பிலுள்ள மூலக்கூறுகளை அள்ளிக்கொண்டு கருவிக்குள் போகும் என்று அவர்கள் காட்டினர். அந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர், ஹங்கேரியைச் சேர்ந்த சோல்டான் டகாட்ஸ். அறுவை அறைக்கான அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவரும் அவரே.

புகையை முகரும் கத்தி

அறுவை மருத்துவர்கள் 1920-களிலிருந்தே மின்கத்தியைப் பயன்படுத்தி வருகின்றனர். மின்சாரத்தின் சூட்டில் அது சதையை வெட்டும்போதே இரத்தக் குழாய்களையும் அடைத்துவிடும். அப்போது புகை எழும். அந்தப் புகையைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுவதே வழக்கமாக இருந்தது.

அந்தப் புகையில்தான் விடை இருக்கிறது என்று டகாட்ஸ் கண்டார். வெந்துபோகும் உயிரணுக்களின் கொழுப்பு மூலக்கூறுகள் மின்னூட்டத்தோடு அதில் மிதக்கின்றன. அடுப்படிக்குள் போகாமலேயே, தாளிக்கும் வாசனையை வைத்து வெங்காயம் வதங்குகிறதா, பூண்டு கருகுகிறதா என்று வீட்டில் சொல்லிவிடுவதில்லையா? அதே வேலையை இக்கருவி செய்கிறது. புகையை ஒரு குழாய் வழியாக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்பினால், அது முகர்ந்து பார்த்துப் புற்றா, நல்ல திசுவா என்று சொல்லும்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் டகாட்ஸ் குழுவினர் உருவாக்கிய இக்கருவி ‘ஐ-நைஃப்’ என்று பெயர் பெற்றது. அவர்களின் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. முதலில் 302 நோயாளிகளின் திசுக்களை எரித்து, ஒவ்வொரு திசுவின் கைரேகையையும் பதிவு செய்தனர். புற்றுத் திசுவுக்கு 1,624 பதிவுகளும், புற்றல்லாத திசுவுக்கு 1,309 பதிவுகளும் சேர்ந்தன. பிறகு கருவியை அறுவை அறைக்குக் கொண்டுபோய் 81 அறுவைகளில் சோதித்தனர். கருவி சொன்னதும், பின்னர் நுண்ணோக்கியில் கண்டதும் 81-லும் ஒத்துப்போயின. விடை கிடைக்க மூன்று விநாடிகூட ஆகவில்லை.

பின்னர் மார்பகத் திசுவில் மட்டும் தனியாகச் சோதித்து 2017-இல் வெளியிட்டனர். எடுத்து வைத்த திசுக்களில் நடந்த அச்சோதனையில், புற்று இருந்ததைப் புற்று என்று சொல்வதில் 93 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும், இல்லாததை இல்லை என்று சொல்வதில் ஏறத்தாழ 95 விழுக்காடும் கருவி சரியாக இருந்தது. எண்ணிக்கை கூடும்போது நூற்றுக்கு நூறு என்பது குறைவது இயல்பே. இந்த இரண்டாவது கணக்கே உண்மை நிலைக்கு நெருக்கமானது எனலாம்.

ஒரு சொட்டு நீர் போதும்

ஐ-நைஃப் திசுவை எரித்துத்தான் படிக்க முடியும். எரிக்காமலே அறிய முடியாதா? இக்கேள்விக்கு விடை கண்டவர் லிவியா எபர்லின் என்ற இளம் விஞ்ஞானி. பிரேசிலைச் சேர்ந்த இவர், பர்டியூவில் அதே கிரஹாம் குக்ஸிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இவருடைய குழு ஒரு பேனாவை உருவாக்கியது. ‘மாஸ்ஸ்பெக் பேனா’ என்பது அதன் பெயர்.

பேனாவின் முனையைத் திசுவின்மீது வைத்து, மருத்துவர் காலால் ஒரு மிதியை அழுத்தினால், ஒரு சிறு சொட்டு நீர் திசுவைத் தொட்டு மூன்று விநாடி நிற்கும். திசுவின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் அந்த நீரில் கரையும். சர்க்கரை கரைவதைப் போன்ற எளிய செயல்தான். பிறகு அந்தச் சொட்டு குழாய் வழியாகக் கருவிக்குப் போகும். மொத்தம் பத்து விநாடி அளவில் திரையில் விடை வரும். திசுவில் காயமோ கருகலோ இல்லை. 2017-இல் வெளியான முதல் ஆய்வில் மார்பகம், நுரையீரல், தைராய்டு, சூலகம் ஆகியவற்றின் 253 திசு மாதிரிகளைப் பேனா சோதித்தது. 96 விழுக்காட்டுக்கும் சற்று மேலாகச் சரியாகச் சொன்னது. அதன்பின் 100 அறுவைகளில் பேனாவை அறுவை அறைக்குள்ளேயே பயன்படுத்திப் பார்த்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

மூளை அறுவையில் இன்னொரு வகை முயற்சி நடந்தது. மூளையில் வரும் சில கட்டிகளில் ஒரு மரபணு மாறிப்போவதால், நல்ல மூளையில் மிகச் சொற்பமாக மட்டுமே காணப்படும் ஒரு மூலக்கூறு ஏராளமாகச் சேர்கிறது. அந்த ஒற்றை மூலக்கூறைத் தேடினால் போதும், கட்டி எதுவரை ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பாஸ்டன் நகரின் பிரிகம் மகளிர் மருத்துவமனையில் நத்தாலி அகர் குழுவினர், குக்ஸின் முறையைக் கொண்டு இதை அறுவையின்போதே செய்ய முடியும் என்று 2014-இல் காட்டினர்.

திசுவை எடை போடாமல் ஒளிரச் செய்யும் வழியும் உண்டு. மூளைக்கட்டி நோயாளிக்கு அறுவைக்கு முன் ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்தால், நீல ஒளியில் கட்டி சிவந்து ஒளிரும். 2006-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், இப்படிச் செய்தபோது 65 விழுக்காட்டினருக்குக் கட்டியின் தெரியும் பகுதி முழுவதும் அகற்றப்பட்டது. சாதாரண வெளிச்சத்தில் 36 விழுக்காட்டினருக்கே அது முடிந்தது. அமெரிக்கா இம்மருந்தை 2017-இல் ஏற்றது. மார்பக அறுவையில் மிஞ்சிய புற்றை ஒளிரவைக்கும் மருந்தும் கருவியும் 2024-இல் அங்கே அனுமதி பெற்றன.

சென்னையில் நித்தியகல்யாணி

இந்த வகை ஆய்வு மேலை நாடுகளோடு நின்றுவிடவில்லை. பர்டியூவில் குக்ஸிடம் ஆய்வு செய்து திரும்பிய பேராசிரியர் பிரதீப், சென்னை ஐ.ஐ.டி.யில் இதே தூவல் முறையைக் கொண்டு பல ஆய்வுகளை நடத்தி வந்துள்ளார். அவருடைய குழு 2013-இல் எடுத்துக்கொண்டது நம் வீட்டு வாசலிலும் கோயில் ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணி. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிறிஸ்டின் மருந்து இந்தச் செடியிலிருந்துதான் கிடைத்தது. அதன் இலையிலும் பூவிதழிலும் எந்த மூலக்கூறு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்கள் படமாக்கினர். இலையில் மூலக்கூறுகளுக்கு வரைபடம் போடும் முறையும், மூளைக் கட்டியின் எல்லையைத் தேடும் முறையும் அடிப்படையில் ஒன்றுதான்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா?

இவ்வளவும் கேட்டபின், நாளைக்கே கிள்ளான் மருத்துவமனையில் இந்தப் பேனா கிடைக்குமா என்று கேட்கத் தோன்றும். கிடைக்காது. ஐ-நைஃப், மாஸ்ஸ்பெக் பேனா ஆகியவை இன்னும் ஆய்வு நிலையில் உள்ளவையே. அன்றாடச் சிகிச்சைக் கருவிகளாக அவை வரவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, கையில் பிடிப்பது சிறிய பேனாதான் என்றாலும் அதன் குழாய் போய்ச் சேரும் கருவி பெரியது. விலையும் மிக அதிகம். அதை இயக்கவும் பராமரிக்கவும் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

இரண்டாவது, பிழை. நூற்றுக்கு 96 சரி என்றால் நான்கு தவறு. அந்த நான்கிலும் இரு வகை உண்டு. புற்றை நல்ல திசு என்று சொன்னால் நோய் மிஞ்சும். நல்ல திசுவைப் புற்று என்று சொன்னால் தேவையில்லாமல் சதை போகும். அறுவை மேசையில் இருப்பவருக்கு இரண்டுமே இழப்பு. ஆகவே, நோய்க்கூறு நிபுணரின் இடத்தை இக்கருவி பிடித்துவிடும் என்று எண்ணக் கூடாது. எது புற்று, எது நல்லது என்று கருவிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவரே அவர்தான்.

மூன்றாவதுதான் நமக்கு மிக நெருக்கமானது. இக்கருவிகள் கற்ற பாடம் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்க நோயாளிகளின் திசுக்களிலிருந்து வந்தது. வெற்றிலை பாக்கு மென்று மென்று பல ஆண்டுகள் வெந்து தடித்த வாயின் திசுவை அவை எவ்வளவு பார்த்திருக்கும்? இது வெறும் ஐயம் அன்று. சுபாங் ஜெயாவில் இயங்கும் கேன்சர் ரிசர்ச் மலேசியா அமைப்பினரும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து, மலேசியப் பெண்களின் 560 மார்பகக் கட்டிகளை மரபணு அளவில் ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர். மேலை நாட்டுப் பெண்களின் கட்டிகளுக்கும் நம் நாட்டுப் பெண்களின் கட்டிகளுக்கும் மருத்துவத்தில் கணக்கில் கொள்ள வேண்டிய வேறுபாடுகள் இருப்பதை அது காட்டியது. எனவே, நம் மக்களின் திசுவும் அந்தப் பாடத்தில் இடம்பெற்றால்தான் நாளை வரும் கருவி நமக்கும் சரியாக விடை சொல்லும். எடுத்த கட்டியின் ஒரு பகுதியை ஆய்வுக்குத் தரச் சம்மதமா என்று மருத்துவமனையில் படிவம் நீட்டினால், பயந்து ஒதுங்காமல் விவரம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

மேருவில் இருப்பவர் இன்று என்ன செய்யலாம்?

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையின்படி, வயதை ஈடுசெய்த கணக்கில், மார்பகப் புற்று 1 லட்சம் சீனப் பெண்களில் 40.7 பேருக்கும், இந்தியப் பெண்களில் 38.1 பேருக்கும், மலாய்ப் பெண்களில் 31.5 பேருக்கும் வந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் மூன்றாம், நான்காம் கட்டத்தை அடைந்த பின்பே கண்டுபிடிக்கப்பட்டது. வாய்ப்புற்றோ, நம் நாட்டில் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், மற்ற இனத்தவரைவிட அதிகமாகக் காணப்பட்டு வந்துள்ளது. தோட்டக் காலத்திலிருந்து தொடரும் வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமே இதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்கு மென்றாலும் புற்று வரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகக் கூறியது.

கட்டி சிறிதாக இருக்கும்போது வந்தால், விளிம்பு தெளிவாக எடுப்பது எளிது. நாக்கில் சிறு பகுதியோடு போகும், மார்பகமும் மிஞ்சும். பெரிதாகி, பக்கத்துச் சதையிலும் எலும்பிலும் பிடித்த பின் வந்தால், புகையை முகரும் கத்தியும் நீர்ச்சொட்டுப் பேனாவும் கூட அவ்வளவாக உதவ முடியாது. இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பில் புதிய கட்டி, காம்பு உள்ளிழுத்தல், தோல் சுருங்குதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கோ பல் மருத்துவரிடமோ உடனே போக வேண்டும். தேவைப்பட்டால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைபோன்ற பெரிய மருத்துவமனைக்கு அங்கிருந்து அனுப்பி வைப்பார்கள்.

அறுவை செய்துகொள்பவரும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. அறுவைக்கு முன்: “டாக்டர், அறுவை நடக்கும்போதே உறைதிசு சோதனை பார்ப்பீர்களா? அம்மாவுக்கு அது தேவைப்படுமா?” அறுவைக்குப் பின்: “அறிக்கையில் விளிம்பு தெளிவாக இருக்கிறதா? எத்தனை மில்லிமீட்டர்?” விளிம்பு சரியில்லை என்றால்: “மறு அறுவையா, கதிர்வீச்சா, இரண்டுமா? எப்போது?” அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அது கைகொடுக்கும். எந்த மருத்துவரும் இக்கேள்விகளைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மறு அறுவைக்கு அழைத்தால் அதை நோய் பரவிவிட்டதற்கு அடையாளமாகக் கொண்டு மனமுடைந்துவிடக் கூடாது. முதல் அறுவையில் விளிம்பில் சிறிது மிஞ்சியிருக்கலாம் என்பதை நோய்க்கூறு நிபுணர் கண்டுபிடித்திருக்கிறார். அது வளர்வதற்கு முன்பே எடுத்துவிட மருத்துவர் கூப்பிடுகிறார். இங்கிலாந்தில் ஐவரில் ஒரு பெண் இப்படி மீண்டும் போய்ப் படுத்தார். அந்த அழைப்பைக் கேட்டுப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து.